வீட்டிலிருந்து செபித்தால் போதாதா?



“சுவாமி, நான் ஒருவருக்கும் தீங்கு நினைப்பதில்லை. படுக்கப்போகுமுன் செபிக்கிறேன். இல்லாதவர் வந்தால் இயன்றதைக் கொடுக்கிறேன். இதற்குமேல் ஞாயிறுதோறும் கோவிலில் வந்து நிற்கத்தான் வேண்டுமோ?”

பங்கிலே வீடு சந்திக்கப் போகும் எந்தக் குருவும் இந்தக் கேள்வியைக் கேளாமல் திரும்புவதில்லை. கேட்பவர்கள் பலர் நல்லவர்கள். அதனாலேயே இதற்குச் சிடுசிடுப்பாகப் பதில் சொல்வது தகாது. ஆனால் ஒன்றை முதலில் கவனிக்க வேண்டும். இதே கேள்வியைப் பாரிசவாதத்தால் கட்டிலோடு கிடக்கும் தாய் ஒருத்தியும் கேட்கிறாள். அவள் கண்ணீரோடு கேட்கிறாள். கோவிலில் யாரோ மனத்தை நோகப்பண்ணியதால் படலையைச் சாத்திக்கொண்டு இருப்பவரும் கேட்கிறார். காலையில் எழும்ப மனமில்லாத வாலிபனும் கேட்கிறான். வார்த்தை ஒன்றுதான், நெஞ்சு வேறு. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினால் ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகிவிடும்.

வீட்டுச் செபமே போதும் என்போர் வழக்கமாக எடுத்துக் காட்டுவது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம். செபிக்கும்போது உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மறைவாயிருக்கிற தந்தையை நோக்கிச் செபி என்று ஆண்டவர் அங்கே சொல்லியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் இன்னும் மூன்று வசனம் தள்ளி வாசித்துப் பாருங்கள். அந்த அறைக்குள் சொல்வதற்கென்று அவர் கற்றுக்கொடுத்த செபம் எது? நாம் குழந்தைப் பருவத்தில் தாயின் மடியில் கற்ற பரலோக மந்திரம். அதில் “என் தந்தாய்” என்று எங்கேனும் வருகிறதா? “என் அப்பம்” என்று வருகிறதா? தொடக்கம் முதல் முடிவு வரை “எங்கள்”, “எங்களுக்கு” என்றே வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்தாலும், ஆண்டவர் சொன்னபடி செபிப்பவன் தனியனாகச் செபிக்க முடியாது. அயலவரையும் கூட்டிக்கொண்டுதான் தந்தையின் முன் போகவேண்டும். அவர் அங்கே கண்டித்தது சந்தியிலே நின்று பிறர் காணச் செபித்த வெளிவேடத்தை, சபை கூடுவதையல்ல.

அவருடைய வழக்கம் என்ன என்பதையும் புனித லூக்காஸ் எழுதிவைத்திருக்கிறார் (4ஆம் அதிகாரம்). ஓய்வுநாளில் செபக்கூடத்துக்குப் போவது அவருடைய வழக்கமாயிருந்தது. இறைமகனுக்கு இதனால் என்ன தேவை? அங்கே பிரசங்கித்தவர்கள் அவரைவிட மேலாகப் பிரசங்கித்திருக்க முடியுமா? இருந்தும் போனார். அதே அதிகாரத்தில், நாசரேத்து ஊரவர்கள் அதே செபக்கூடத்தில் அவர்மேல் சீறி எழுந்து, ஊருக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். அதன்பின் அவர் செய்தது என்ன? கப்பர்நாகும் ஊருக்குப் போனார். ஓய்வுநாளில் அங்குள்ள செபக்கூடத்திலே போதித்தார். கோவிலிலே மனம் நொந்தவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி, கோவிலே இல்லாமல் விசுவாசத்தைக் காத்தவர்களைப் பற்றிப் பேசுவோம். தூர தேசத்துக்குப் போகவேண்டியதில்லை. நம்முடைய பாட்டன் பூட்டன்மாரின் கதையே போதும்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் விழுந்தது. கத்தோலிக்க குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டார்கள். குரு ஒருவருக்கு வீட்டில் அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. போர்த்துக்கேயர் காலத்தில் ஊர்தோறும் எழுந்த கோவில்களை ஒல்லாந்தர் தங்கள் சீர்திருத்தச் சபையின் கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் ஆக்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பல்டேயஸ் என்ற அவர்களுடைய போதகர் 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு முதலிய இடங்களின் கோவில்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகாவிட்டால் பெற்றோருக்குத் தண்டப்பணம். ஞானஸ்நானமும் விவாகமும் அங்கேதான் பதியப்பட வேண்டும். தோம்பிலே பெயர் இல்லாவிட்டால் பிள்ளையின் முதுசச் சொத்துரிமைக்கே ஆபத்து.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கோவில் கட்டடம் இடிந்துபோகவில்லை, அங்கேயே நின்றது. நம்முடைய முன்னோர் அதற்குள் போகாமலும் இருக்கவில்லை. சட்டத்துக்கும் தண்டத்துக்கும் பயந்து போனார்கள், தோம்பிலே பெயர் எழுதினார்கள், பிரசங்கத்தையும் கேட்டார்கள். ஆனால் அவர்களுடைய விசுவாசம் அந்தக் கூரையின் கீழ் இல்லை. அது வீட்டிலே, இரவிலே, விளக்கைத் தணித்துவிட்டுச் சொன்ன செபமாலையிலே இருந்தது. கோவிலுக்குப் போவது வேறு, விசுவாசத்தை வாழ்வது வேறு என்று சொல்லத்தக்க ஒரு காலம் நம் சரித்திரத்தில் உண்டென்றால் அது இதுதான். “பார்த்தீர்களா சுவாமி, நான் சொன்னதும் இதைத்தானே!” என்று வாலிபன் துள்ளி எழக்கூடும். கொஞ்சம் பொறு தம்பி, கதை முடியவில்லை.

இருபத்தொன்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஒரு தலைமுறை குருவின் முகத்தையே காணாமல் வளர்ந்து, மணமுடித்து, பிள்ளைகளைப் பெற்றுவிட்டது. 1687ஆம் ஆண்டு கோவையிலிருந்து வந்த யோசேப் வாஸ் முனிவர் கூலிக்காரனைப்போல் வேடம் பூண்டு இந்தக் கரையில் இறங்கினார். கோவை என்றதும் கொங்கு நாட்டுக் கோயம்புத்தூரை நினைக்க வேண்டாம். நம் பழைய ஏடுகள் கோவாவைத்தான் அப்படி எழுதின. வந்தவுடனே கடும் நோயில் விழுந்தார். தேறியபின் கழுத்திலே செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிச்சை அவருக்குத் தேவைதான்; ஆனாலும் அவர் தேடியது வேறு. அந்தச் செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டில் ஒரு சோடிக் கண்கள் கலங்குகின்றன என்பதைத்தான் அவர் தேடினார். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட விசுவாசிகள் அவரைச் சில்லாலைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாதுகாத்தார்கள்.

அந்த மக்கள் அவரிடம் என்ன சொல்லியிருக்கலாம்? “சுவாமி, இத்தனை வருடமும் நாங்கள் வீட்டிலிருந்தே செபித்துச் சமாளித்துவிட்டோம். உங்களை வைத்திருந்தால் எங்கள் தலை போகும். வந்த வழியே போங்கள்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் குறை சொல்லவும் முடியாது. அவர்களோ இரவோடிரவாக வீடுகளில் கூடினார்கள். பாவசங்கீர்த்தனம் செய்தார்கள், பூசை கண்டார்கள், தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஞானஸ்நானம் பெறுவித்தார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிடிபட்டவர்கள் இருந்தார்கள், சிறையில் வாடியவர்களும் இருந்தார்கள். வீட்டுச் செபம் அவர்களுடைய விசுவாசத்தை அணையாமல் காத்தது. அப்படிக் காக்கப்பட்ட விசுவாசமே, வாய்ப்புக் கிடைத்த முதல் இரவிலே அவர்களைத் திருப்பலிக்கு ஓடிவரச் செய்தது. நீறு பூத்த நெருப்புக்கு ஊதுகுழல் வந்ததுபோல.

வாஸ் முனிவரும் அவருக்குப் பின்வந்த குருக்களும் அறிந்திருந்த ஒரு விடயம் உண்டு. நாலைந்து குருக்கள் முழு இலங்கைக்கும் போதார். ஓர் ஊருக்கு வருடத்தில் ஒருமுறை வந்தாலே பெரிது. ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி, குரு இல்லாத ஞாயிறுகளிலும் மக்கள் ஒன்றுகூடிச் செபிக்கச் செய்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் இத்தனை நூல்களை ஏன் எழுதிக் குவித்தார் என்று நினைக்கிறீர்கள்? குரு இல்லாத கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பதற்காக. நம்முடைய கோவில்களில் தவக்காலத்தில் தலைமுறை தலைமுறையாக உருக்கத்தோடு வாசிக்கப்பட்டுவந்த வியாகுல பிரசங்கம் அவருடையதே. தனித்தனியே வாசிக்க எழுதிய நூலல்ல அது. கூடியிருந்து அழுவதற்கு எழுதியது.

1995ஆம் ஆண்டு தை மாதம் அருளாளராகவும், 2015ஆம் ஆண்டு தை மாதம் காலிமுகத்திடலிலே புனிதராகவும் திருச்சபை உயர்த்திய அந்த முனிவரை வீட்டுச் சுவரிலே மாட்டிவைத்துவிட்டு, அவர் எதற்காகக் கால்நடையாய் இந்தத் தீவெங்கும் அலைந்தார் என்பதை மறந்துவிட்டால், அந்தப் படத்தால் என்ன பயன்?

நம் காலத்திலும் கோவில் கதவுகள் மூடப்பட்டதைக் கண்டோம். 2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டுகள் வெடித்தன. விடுதிகளில் இறந்தவர்களையும் சேர்த்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஞாயிறு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலே கண்டார்கள். மறு வருடம் கொரோனா வந்தது, மறுபடியும் பூட்டு. அந்த நாட்களில் வீட்டிலிருந்தவர்கள் ஒருவரும் பாவம் செய்யவில்லை. 2019க்குப் பிறகு கோவில் வாசலை மிதிக்கும்போதெல்லாம் உடல் நடுங்குகிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து “உங்களுக்கு விசுவாசம் இல்லை” என்று யாராவது சொன்னால், சொல்பவருக்குத்தான் அன்பு இல்லை.

திருச்சபைச் சட்டமும் இதில் தாயுள்ளத்தோடுதான் பேசுகிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1247ஆம் பிரிவு ஞாயிறும் கடன்திருநாட்களும் திருப்பலி காணும் கடமையைச் சொல்கிறது. அடுத்த பிரிவு சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் அந்தக் கடமை நிறைவேறும் என்கிறது. குரு இல்லாத இடத்திலோ, வேறு பாரதூரமான காரணத்தாலோ முடியாமற்போனால், இறைவார்த்தை வழிபாட்டில் பங்குபற்றவோ, தனித்தோ குடும்பமாகவோ குடும்பங்கள் சேர்ந்தோ செபத்தில் நேரம் செலவிடவோ மிகவும் வற்புறுத்துகிறது. ஆகவே நோயாளியே, நோயாளியைப் பார்க்கும் மகளே, ஆசுப்பத்திரியில் ஞாயிறு முறைவேலை செய்யும் தாதியே, ஆழ்கடலில் வலையோடு விடியும் தொழிலாளியே, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் குரு வந்துபோகும் தோட்டத்து மக்களே, உங்கள் மனச்சாட்சியை வீணாக வதைக்க வேண்டாம். நீங்கள் கோவிலுக்கு வெளியே இல்லை.

ஆனால் தொலைக்காட்சிப் பூசை நமக்கு ஒரு பாடத்தையும் கற்பித்தது. அங்கே எல்லாவற்றையும் பார்க்கலாம், கேட்கலாம்; நற்கருணையை உட்கொள்ள முடியாது. நாம் பார்க்கிறோம், நம்மை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த வாங்கில் வழக்கமாக இருக்கும் கிழவி இந்த வாரம் வரவில்லையே, என்ன சுகவீனமோ என்று நினைக்க அங்கே வழியில்லை. சுகதேகியான ஒருவர் கோவில் கதவு திறந்தபிறகும் தேநீர்க் கோப்பையோடு திரைக்கு முன்னே இருந்தால், அவர் பூசை காணவில்லை. பூசையை வேடிக்கை பார்க்கிறார்.

திருச்சபையின் தொடக்க காலத்திலே ஞாயிறு எப்படியிருந்தது என்பதை ஏறக்குறைய 150ஆம் ஆண்டளவில் புனித யுஸ்தீன் உரோமைச் சக்கரவர்த்திக்கு எழுதிய விண்ணப்பத்திலே காணலாம். நகரத்தவரும் நாட்டுப்புறத்தவரும் ஓரிடத்தில் கூடுவார்கள்; வேதவாக்கியம் வாசிக்கப்படும்; அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்படும். அதன்பின் இரண்டு காரியங்கள் நடக்கும். வராதவர்களுக்கு தியாக்கோன்மார் நற்கருணையைக் கொண்டுபோவார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது சேர்க்கப்பட்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், வழிப்போக்கர் ஆகியோருக்குப் பகிரப்படும். அன்று பெரிய கோவிலும் இல்லை, கோபுரமும் இல்லை. வந்தவர்கள் வராதவர்களை நினைத்தார்கள். உண்டவர்கள் உண்ணாதவரைத் தேடிப்போனார்கள். பூசையையும் அயலவன் அன்பையும் இரண்டாகப் பிரித்து, “எனக்கு இரண்டாவது போதும்” என்று சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

நாம்தான் பிரித்தோம். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. கோவிலுக்கு வராதவரைக் கண்டிக்க முன், வருகிறவர்களாகிய நாம் நம்மைப் பார்க்க வேண்டும். வேலிக் கதியாலை அயலவன் வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டு, விடியப் பூசையில் முதல் வாங்கில் முழந்தாளிட்டிருப்பவர் நம்மிடையே இல்லையா? சகோதரனோடு முதுசக் காணி வழக்கில் பத்து வருடம் முகம் பாராமல், சமாதானம் அறிவிக்கும்போது மறுபக்கம் திரும்பிக் கைகூப்புபவர் இல்லையா? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு சமாதானமாகு, பின்பு வந்து செலுத்து என்றார் ஆண்டவர் (மத். 5). இதிலே முதற்பாதியை மறப்பவர் கோவிலுக்குள் இருக்கிறார். “பின்பு வந்து” என்பதை மறப்பவர் கோவிலுக்கு வெளியே இருக்கிறார். யார் பெரிய குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

இன்னும் கசப்பான ஒன்று. குடாநாட்டுக் கோவில்களிலே சாதி பார்த்து இடம் ஒதுக்கிய காலம் இருந்தது. பின்னால் நில், வெளியிலே நில் என்று சொல்லப்பட்ட குடும்பங்கள் இருந்தன. வாங்குகளிலே அந்தக் கோடு மறைந்தாலும், திருவிழா உபயத்திலும் கல்யாணப் பேச்சிலும் அது முற்றாக மறைந்துவிட்டது என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்லத் துணிபவர் யார்? பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனம், கந்தை உடுத்தவனுக்குக் கால்மாட்டில் இடம் என்று வகுப்பது பாவம் என்று புனித யாகப்பர் தம்முடைய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் அச்சமின்றி எழுதிவைத்திருக்கிறார். அப்படித் தள்ளப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் இன்று, “நான் வீட்டிலிருந்தே செபிக்கிறேன்” என்று சொன்னால், அவர் பூசை தவறிய பாவத்தைக் கணக்கிட உட்காரவேண்டாம். கடவுளின் முன்னிலையில் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள் அவரைத் தள்ளியவர்கள்.

கொரிந்து நகரத்துச் சபையிலும் இதுவே நடந்தது. பணக்காரர் முந்தி வந்து உண்டு குடித்து வெறித்திருக்க, கூலிவேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடிவருவது நன்மையைவிடத் தீமையையே விளைவிக்கிறது என்று புனித சின்னப்பர் முகத்தில் அறைந்தாற்போல் எழுதினார் (1 கொரி. 11). ஆனால் அவர் சொன்ன பரிகாரம் என்ன? இனிமேல் கூடவேண்டாம், அவரவர் வீட்டிலே செபியுங்கள் என்றா சொன்னார்? ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். நொந்துபோன சகோதரனே, சகோதரியே, உங்களிடமும் நான் கேட்பது இதுவே. உங்களைத் தள்ளியவர்களுக்கு அந்த வீடு சொந்தமல்ல. அது உங்கள் தந்தையின் வீடு. நீங்கள் வராமலிருந்தால் அவர்கள் வகுத்த கோடு நிலைத்துவிடும்.

இப்போது மீண்டும் நம் வாலிபனிடமும், அவனுடைய பெற்றோரிடமும் வருவோம். உண்மையில் பெற்றோரிடம் தான் அதிகம் பேசவேண்டும். ஞாயிறு காலை ரியூசன் என்று பிள்ளையை ஏழு மணிக்கே சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிட்டு, “சோதினை முடியட்டும் சுவாமி, பிறகு கோவிலுக்கு வருவான்” என்கிறீர்கள். புலமைப்பரிசில் முடிந்தால் சாதாரண தரம், அது முடிந்தால் உயர்தரம், பிறகு பல்கலைக்கழகம், பிறகு வெளிநாடு. எந்தச் சோதினைக்குப் பிறகு வருவான்? பத்து வயதிலிருந்து ஞாயிறு என்பது கடவுளுக்குரிய நாளல்ல என்று நீங்களே அவனுக்குப் படிப்பித்துவிட்டீர்கள். இருபது வயதில் அவன் அதைத் திருப்பிச் சொல்லும்போது அழுது என்ன பயன்? சனிக்கிழமை மாலைப் பூசை இருக்கிறது. பிந்திய பூசை இருக்கிறது. மனம் இருந்தால் வழி உண்டு.

வீட்டிலே செபிக்கிறோம் என்கிறவர்களிடம் அன்போடு ஒன்று கேட்கலாம்: செபிக்கிறீர்களா? குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று 1964ஆம் ஆண்டு வெளியான, திருச்சபை பற்றிய சங்க ஏட்டிலே இரண்டாம் வத்திக்கான் சங்கம் பெருமையோடு குறிப்பிட்டது. அந்த வீட்டுத் திருச்சபையிலே கடைசியாக எப்போது செபமாலை சொன்னீர்கள்? வேதாகமம் எந்த அலுமாரியில் இருக்கிறது? என் அனுபவத்தில், குடும்பமாய்ச் செபிக்கிற வீட்டார் பெரும்பாலும் கோவிலிலும் இருப்பார்கள். “வீட்டுச் செபம் போதும்” என்று சொல்லும் பல வீடுகளில் அந்த வீட்டுச் செபமும் இருப்பதில்லை. கொள்ளிக்கட்டையை அடுப்பிலிருந்து இழுத்துத் தனியே வைத்தால் கொஞ்ச நேரம் புகையும், அவ்வளவுதான்.

புனித தோமையாரை நாம் சந்தேகப்பட்டவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அருளப்பர் எழுதியதை (20ஆம் அதிகாரம்) கவனித்து வாசியுங்கள். உயிர்த்த ஞாயிறு மாலை ஆண்டவர் சீடர் நடுவே வந்தபோது தோமையார் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று சுவிசேஷம் சொல்லவில்லை. மனம் உடைந்த மனிதன் எங்கேயாவது தனியே இருந்திருப்பார். ஆண்டவர் அவரை அந்தத் தனிமையிலே போய்ச் சந்தித்திருக்கலாம். மதலேன் மரியம்மாளுக்குத் தோட்டத்திலே காட்சி கொடுத்தவருக்கு அது முடியாததா? அவர் எட்டு நாள் பொறுத்தார். தோமையார் மற்றவர்களோடு ஒரே வீட்டில் இருந்தபோது வந்தார், காயங்களைக் காட்டினார். இன்னொன்றையும் பாருங்கள். வராத தோமையாரிடம் ஆண்டவரைக் கண்டோம் என்று சொன்னவர்கள் அவருடைய சகோதரர்களே. அவர் நம்பமாட்டேன் என்று முரண்டு பிடித்தபோதும் அவரை வெளியே தள்ளவில்லை. அந்த எட்டு நாளும் அவரைத் தங்களோடு வைத்திருந்தார்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, வாசலில் நின்று கதைத்துவிட்டுக் கலையுமுன், உங்கள் வாங்கிலே யார் இருந்த இடம் வெறுமையாய் இருக்கிறது என்று பாருங்கள். அன்று பின்னேரமே அந்த வீட்டுப் படலையைத் தட்டுங்கள். ஏன் வரவில்லை என்று விசாரணை வைக்க வேண்டாம். சுகம் விசாரித்தால் போதும். அங்கே எழும்ப முடியாத முதியவர் இருந்தால், நற்கருணை வாங்க விருப்பமா என்று கேட்டு, சனிக்கிழமைக்கு முன் பங்குத் தந்தைக்குத் தெரியப்படுத்துங்கள். சுவாமியார் வரும்போது ஒரு சிறிய மேசை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுதிரி, ஒரு கோப்பையில் தண்ணீர். அயல்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்திருங்கள். பரலோக மந்திரத்தை அவர்களும் சேர்ந்து சொல்லட்டும்.